நிரம்பக் கூடாத தொட்டி

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் கூப்பிட்டால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். வாட்சாப் செய்தியையும் அவர்தான் எனக்குத் தட்டிக் கொடுப்பார். அடுத்த வீட்டு உஷாராணியின் போனை வாங்கி நான் பேசினால் தாமான் வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும்.

நீ படிக்க ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் புறப்படும் முன் பின்பக்கம் குழி தோண்டி இறக்கிவைத்தாயே அந்த அடியில்லாத தொட்டி, அது நிரம்புகிறது. மிச்சச் சோறு, மீன் முள் எதைப் போட்டாலும் புழு தின்று மண்ணோடு போய்விடும், அள்ளவே வேண்டாம் என்றாய். அப்படித்தான் இருந்தது. இப்போது மூடியைத் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை. மழைத் தண்ணீர் இறங்கவில்லை என்று நினைத்து உன் தொட்டியைத் திட்டவும் திட்டினேன். போன வாரம் போனில் சொன்னபோது, ரெண்டு பேரு சாப்பாட்டுல அது எப்படிம்மா ரொம்பும் என்று கேட்டாய். அப்பா போனை வாங்கி, எல்லாம் மழைதான் லா, நீ படிப்பைப் பாரு என்று வைத்துவிட்டார்.

உன் கேள்வி என்னை விடவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் மூடியைத் திறந்து கட்டையால் கிளறினேன். மத்தியானம் நான் அவர் தட்டில் போட்ட சோறு குழம்போடு பிசைந்தபடியே கிடக்கிறது. வறுத்த மீன் கடிபடவே இல்லை. காற்றாடச் சாப்பிடுகிறேன் என்று தினமும் தட்டோடு பின்பக்கம் போவார் அப்பா. வயதான காலத்தில் ஒரு ஆசை என்று நானும் விட்டுவிட்டேன். சோற்றைக் குப்பையில் கொட்டினால் பாவம் என்பார். மண்ணுக்குக் கொடுத்தால் பாவமில்லை என்று நினைத்தாரோ என்னவோ. குப்பைப் பையில் போட்டிருந்தால் லோரி வந்து அள்ளியிருக்கும், எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருக்கிறார். தண்ணீர் குடித்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரி என்றால், அய்யாவு பெரியப்பா போனவர் திரும்பினாரா என்று கேட்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று அந்த மூடியின் மேல் பெரிய பூச்சாடியை இழுத்து வைத்தேன். அப்பா தட்டோடு போனார், பார்த்தார், திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். விழுங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகிட்ட சொல்லாத என்றார்.

சொல்லிவிட்டேன். பரீட்சை நேரம் என்று தெரியும். ஆனால் நீ வந்து கூப்பிட்டால்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார். மாரியாத்தா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. தட்டில் மிச்சம் வைக்காதே அம்மா.

உன் அம்மா
சீதாலெட்சுமி