இடப்பக்கத்து முகம்

97 நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஸ்தாசியோனே, ரயில் நிலையப் பக்கமெல்லாம் சேறு. முதலாளி கல்யாண வீட்டில் படம் எடுக்கப் போய்விட்டார். ஸ்டூடியோக் கடையில் நானும் கம்ப்யூட்டரும்.

கோவிலார் தந்த உறைகள் இரண்டு. ஒன்றில் இறந்தவர்களின் படங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆத்துமாக்கள் பூசைக்குத் தொங்கவிடப் பனர். மற்றது, தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கு நேர்ந்தது: ஊரில் காணாமல் போனவர்கள். பெருப்பித்துக் கொடுக்க வேண்டும்.

வாங்க: பால், பஸ் டிக்கெட், போன் கார்ட்.

நவ. 5, புதன்

பனரில் பின்னால் கடல், மேலே வெளிச்சம். முகங்களின் ஓரத்தை மங்கவைத்து, ஒருவர் தோளை அடுத்தவர் தோளில் கரைத்தாயிற்று. அழகு. ஆனால் இடப்பக்கம் பல் விழுந்த வாய்போல வெற்றிடம். பூச்சாடி, மெழுகுதிரி, எதுவும் சரிவரவில்லை.

அந்தோனியார் உறையில் ஜெசிந்தாவின் புருசன். மன்னாரில் கடலுக்குப் போனவர், வருடக்கணக்காய்த் தகவல் இல்லை. முகம் சரியான பக்கம் பார்க்கிறது. வைத்தேன். பொருந்தியது. இனி எங்கே வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள்.

லேயர்களை இனிப் பிரிக்க முடியாதபடி ஒன்றாக்கிச் சேமித்தேன். கம்ப்யூட்டர் வட்டில் இடமில்லை, ஸ்கேன்களை அழித்தேன். இறந்தவர்களின் படங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின.

நவ. 7, வெள்ளி

ஜெசிந்தா வந்தாள். லிபெர்த்தா தெருவில் வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா வீட்டு வேலை முடித்து, கையில் ப்ளீச் மணத்தோடு. பெருப்பித்த படம் வாங்க. திரையில் பனர். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நான்தான் திறந்து வைத்திருந்தேன்.

"இவர் ஏன் இஞ்சை நிக்கிறார்?"

"பிழையா வந்திட்டுது." பச்சைப் பொய்.

"தேடித் தரச் சொல்லி அந்தோனியாரிட்டைக் குடுத்த படமெல்லோ, அண்ணை. அவர் செத்திட்டார் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"எடுத்து விடுறன், பிள்ளை. இருங்கோ."

எடுப்பது எங்கே? எல்லாம் ஒன்றாய்க் கரைந்து கிடக்கிறது. பின்னாலிருந்த கடலை எடுத்து முகத்தின்மேல் பூசினேன். தாடை போனது. வாய் போனது. மூக்குக்கு வரும்போது கையைப் பிடித்துவிட்டாள்.

"நிப்பாட்டுங்கோ! கடலை அவருக்கு மேலை பூசாதேங்கோ!"

சேமித்ததைத் திரும்பத் திறந்தேன். முழு முகம். அவள் மூச்சு விட்டது கேட்டது.

"இருக்கட்டும். அழிக்கிறதைப் பாக்க ஏலாது."

படத்தை எடுத்துக்கொண்டு போனாள். வெட்கம்.

நவ. 8, சனி

காலையில் ஒரு யோசனை. வீடு வீடாகப் போய்ப் படங்களைத் திரும்ப வாங்கிப் புதிதாகச் செய்யலாம். ஒரு பகல் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள்.

போகவில்லை. பனர் அச்சாகி வந்தது. முதலாளி "பெல்லிஸ்ஸிமோ" என்று மெச்சி முதுகில் தட்டினார். நான் ஒரு கோழை.

நவ. 9, ஞாயிறு

நல்ல வெயில். கோவில் முழுக்க வெள்ளையும் கறுப்பும். ஜெசிந்தா கூறைச் சேலையில் வந்தாள், சிவப்பு, தாலிக்கொடி வெளியே தெரிய. முன்வரிசையில் இருந்தாள்.

பனரைப் பார்த்துவிட்டு ஒருத்தி போய் அவள் கையைப் பிடித்தாள். "எப்ப பிள்ளை தகவல் வந்தது?"

"ஒரு தகவலும் வரேல்லை, அன்ரி. அவர் வருவார்."

பின்னால் குசுகுசுப்பு. "தலை கழண்டுட்டுது போல." அவர்கள் பக்கத்தில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

பூசை முடிய கோவில் மூப்பர் மைக்கில்: "இவ்வளவு வடிவாய்ச் செய்த தம்பி ஒருக்கா எழும்பும்."

எழும்பினேன். கைதட்டினார்கள். ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள், நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று.

உட்கார்ந்துவிட்டேன்.