மூன்று நிமிஷத்தில் உன் பங்கு

நேற்று கம்பம் தபால் ஆபீசில் ஒருவர் பார்சலுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே உன் வீட்டு முன்னறை கண்ணுக்கு வந்துவிட்டது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. செத்து இரண்டு வருஷம் ஆனவள் மேல் என்ன பொறாமை என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், பொறுத்துக்கொள்.

மூன்றாம் வகுப்பு வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். தம்பி பிறந்ததும் அவனைத் தூக்கிக்கொள்ள என்னை நிறுத்திவிட்டார்கள். நீ எட்டு வரை போனாய். அந்த ஐந்து வகுப்பு எதற்கு உதவும் என்று அப்போது தெரியவில்லை. நம் ஊருக்குப் போன் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன் கம்பி போகிற மரக்கம்பத்தை என் வாசலில்தான் நட்டார்கள். போனும் எனக்குத்தான் என்று முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு ஸ்டூலும் போட்டு வைத்தேன். டெலிபோன்காரர்களுக்கு மோர் கொடுத்துக் கேட்டேன். "கம்பி இழுக்கிறதும் ரிப்பேர் பார்க்கிறதும்தாம்மா எங்க வேலை. எங்க வைக்கிறதுன்னு தபால் ஆபீஸ்தான் சொல்லணும்" என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். "ஊருக்குப் போன் வேணும்னு தீர்மானம் போட்டுக் குடுத்தோம் தாயி. அதோட எங்க சோலி முடிஞ்சுபோச்சு" என்றார். தபால்காரர்கள் கேட்டது எட்டாம் வகுப்புச் சர்டிபிகேட். ஊர்த் தபால் ஆபீசை ஏற்கெனவே உன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. மூன்று பேரும் ஆளுக்கொரு வாசலைக் காட்டினார்கள். மூன்றும் உன் வீட்டில் போய் முடிந்தன.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் ஒரே மகன் மலைக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் வேலைக்குப் போனான். சனிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து கூப்பிடுவான். மூன்று நிமிஷம் ஆனால் எக்ஸ்சேஞ்சில் கட் செய்துவிடுவார்கள். நீ வாசலில் நின்று "ஏ புள்ள, போன்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி வருவதற்குள் இரண்டு நிமிஷம் போயிருக்கும். படியேறும்போதே நீ அவனோடு சிரிப்பது கேட்கும். "இந்தா, ஒங்காத்தா வந்துட்டா" என்று ரிசீவரை நீட்டுவாய். அது உன் காதுச் சூட்டோடு இருக்கும். சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் என்பான். அங்கே மழையா என்பேன், கட் ஆகிவிடும். முன்னாடியே வந்து காத்திருக்கலாம்தான். உன் வீட்டில் வந்து காத்துக் கிடக்க என் வீம்பு விடவில்லை.

ஒரு சனிக்கிழமை, பேசி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"கோவப்படாத. அவன் அங்கன ஒரு பிள்ளையப் பாத்து வச்சிருக்கான். மலையாளத்துப் பிள்ள. ஒங்கிட்டச் சொல்லப் பயப்படுறான்."

"ஒங்கிட்டச் சொல்ல மட்டும் பயமில்லையாக்கும்?"

"நான் என்ன, பெத்தவளா?"

அன்றைக்கே உன்னிடமே ஒரு கார்டு வாங்கினேன். தேனி டெலிபோன் ஆபீசுக்கு எழுதினேன். எங்கள் ஊர்ப் போனில் இருக்கிறவள் பிறத்தியார் நேரத்தைத் தான் பேசித் தீர்க்கிறாள், அவளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடவும். எழுதி, உன் வீட்டுச் சுவரில் தொங்கிய பெட்டியில் போட்டேன். ஊரில் வேறு பெட்டி ஏது? கார்டை யாரும் படிக்கலாம் என்பதோ, பெட்டியைத் திறப்பவளே நீதான் என்பதோ ஆத்திரத்தில் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்த பிறகுதான் தோன்றியது. அதற்குள் தபால் பை பஸ் ஏறிவிட்டது.

 அடுத்த சனிக்கிழமையும் அதே சத்தம்தான் கொடுத்தாய்.

சில நாள் கழித்துத் தபால் இன்ஸ்பெக்டர் வந்து, என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையில் என் கார்டு. நான் எழுதிய டெலிபோன் ஆபீஸ் விலாசம் அடிக்கப்பட்டு, மேலே உன் உருண்டை எழுத்தில் தபால் இன்ஸ்பெக்டர் என்று இருந்தது.

"விலாசத்தை யார் திருத்தினது?"

"நாந்தான்யா" என்றாய். "அவுக கம்பியத்தான் பாப்பாக. ஆளை நீங்கதான பாக்கணும். அங்கன போனா இது மூலையில கெடக்கும்."

"இது உங்க மேலே வந்த புகாரும்மா."

"படிச்சேன்யா. அதான் சேர வேண்டிய எடத்துக்கு அனுப்பினேன்."

அவர் என் பக்கம் திரும்பி, எழுதியதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போனும் போகும், உன் வேலையும் போகும். நான் ஆசைப்பட்டதும் அதுதான். நீ என்னைப் பார்க்காமல் தபால் பைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய்.

"இவ மேல குத்தமில்லய்யா" என்றேன். "எம் மகன் எங்கிட்டப் பேசுறதவிட இவகிட்ட நல்லாப் பேசுறான். அதுக்கு எந்த ஆபீசுக்கு எழுதணும்? அதச் சொல்லுங்க."

அவர் பேனாவை மூடினார். "அதுக்கு ஆபீஸ் கிடையாதும்மா."

நீ குனிந்துகொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை. உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த ஒரு கார்டிலேயே என்னைத் தோற்கடித்துவிட்டாய். தோற்றவள் உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த மலையாளத்துப் பிள்ளை நல்ல மருமகளாக இருக்கிறாள். அப்படித்தான் இருப்பாள் என்று அன்றைக்கே சொன்னவளும் நீதான்.

இப்போது உன் மருமகள் ஆபீசைப் பார்க்கிறாள். வாயே திறக்கமாட்டாள். சனிக்கிழமை நான் முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்கிறேன். மூன்று நிமிஷமும் எனக்கே. சாப்பாடும் மழையும் முதல் நிமிஷத்திலேயே தீர்ந்துபோகின்றன. போன வாரம் கேட்டேவிட்டேன்.

"அவகிட்ட அப்பிடி என்னடா பேசுவ?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. சும்மா."

மிச்ச நேரம் இரண்டு பேரும் கம்பி இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சும்மாவை அவன் ஒருநாளும் எனக்குத் தந்ததில்லை. அதில் ஒரு நிமிஷமாவது என் பங்குக்கு வரட்டும் என்று வருகிற சனிக்கிழமையும் போய் உட்காருவேன்.