இடப்பக்கச் சீட்டு

ஞாயிறு இரவு, கம்பம்.

இன்றைக்கும் என் வீட்டுக்காரரோடு போனில் வாய்ச்சண்டை. கத்தாரில் லாரி ஓட்டுகிற அவரும் இங்கே இருக்கிற நானும் ஒரே நேரத்தில் கார் பந்தயம் பார்த்தால் இப்படித்தான் ஆகும். போன வருடம் சாம்பியனான என் அபிமான ஓட்டுநர் இந்த வருடம் வேறு அணிக்குப் போய்க் கடைசியில் வருகிறார்.

“பாத்தியா, அதே ஆளுதான? வண்டிதான் புள்ள ஜெயிக்குது” என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அவரு விட்டுட்டு வந்த வண்டி மட்டும் ஜெயிச்சிருச்சாக்கும்? அதுவும் பின்னாடிதான கெடக்கு!”

அவர் பேச்சை மாற்றி, “நம்ம வண்டி எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு” என்றேன்.

எங்கள் காரின் பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போனை வைத்ததும் வாசலுக்குப் போய், தார்ப்பாயை விலக்கிச் சாவியைத் திருகினேன். என்ஜின் ஓடத் தொடங்கியதும் இறங்கிச் சுற்றி வந்து, இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தேன். குமுளி மலைப்பாதையில் அவர் ஓட்டும்போது நான் உட்காரும் இடம் அது.

பெல்ட்டும் போட்டுக்கொண்டேன்.