எதிர்ப்பக்கமாக நடந்தவனுக்கு

காலையில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தைலம் எடுத்துத் தேய்த்தார். வாசனை வந்ததுமே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அவர் மேல் இல்லை, உன் மேல். நீ செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கோபம் கம்மியாகவில்லை.

வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவனுக்கு எதற்கடா தத்துவம்? நாளெல்லாம் போனில் எவனோ உளறுவதைக் கேட்டுக் கேட்டு உன் மூளை கலங்கிவிட்டது. “நாம பாக்கறதெல்லாம் காப்பிடா. ஒரிஜினல் வேற எங்கியோ இருக்கு. எவனோ கம்ப்யூட்டர்ல நம்மள ஓட்டிட்டிருக்கான்” என்பாய்.

நான் ஒன்பதாவதை மூன்று தடவை படித்தவன். ஒரே தடவை படித்த உன்னைவிட மூன்று மடங்கு அறிவு எனக்கு. “அப்ப மலையும் காப்பியா?” என்று மடக்கினேன்.

“பின்ன? ஒவ்வொரு பக்கத்துக்கு ஒவ்வொரு மாதிரி தெரியுதுல்ல? வரையறவன் தடுமாறுறான்டா.”

அதை நிரூபிக்கத்தான் அந்தப் பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில் எதிர்ப்பக்கமாக நடக்கக் கிளம்பினாய். ஊரே மலையை வலம் வரும்போது நீ இடமாக. “இப்படி நடக்கறதுக்கு அவன் எழுதி வெச்சிருக்க மாட்டான். ஆட்டம் நின்னுடும் பாரு.” வேடிக்கை பார்க்க நானும் வந்தேன். ஈசான்ய லிங்கம் தாண்டுவதற்குள் பத்து லட்சம் பேர் நம்மை இடித்திருப்பார்கள். ஒரு அம்மா, “யோவ், சாமி கும்பிட வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?” என்று திட்டியது. ஆட்டம் எங்கே நின்றது?

குபேர லிங்கம் கிட்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சுக்கு காபி விற்றவரிடம் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டாய். “நெஞ்சு இறுக்குதுடா. வலி ஜாஸ்தியா இருக்கு.”

நான் என்ன சொன்னேன்? “அதுவும் காப்பிதானேடா! ஒரிஜினல் வலி வரட்டும், ஆஸ்பத்திரி போவலாம்.”

நீயும் சிரித்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏன்டா சிரித்தாய்? ‘மூடுடா வாய, ஆட்டோ புடி’ என்று கத்தியிருக்க வேண்டாமா? எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாய். வாயு லிங்கத்துக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டாய்.

ஆளையே தோளில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஓடினேன், கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியும். தூக்கியது முன்பின் தெரியாத நாலு பேர். நான் உன் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

போன வாரம் உன் கடையில் நின்றிருந்தேன். காகிதக் கட்டைத் தூக்கிய உன் மனைவி, “தோள் வலிக்குதுண்ணே” என்றாள். அடுத்த நிமிஷம் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துப் பார்த்து, சாதாரணப் பிடிப்புதான் என்றார்கள்.

“எதுக்குண்ணே இவ்ளோ கலாட்டா?” என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “அன்னிக்கு அவரும் வலிக்குதுனு சொன்னாராண்ணே?”

எனக்கு ஆயிரம் கதை வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

“சொன்னான்மா. நான்தான் கிண்டல் பண்ணேன்.”

அவள் மருந்துச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வேறு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நேற்று கடைக்குப் போனேன். “என்ன காப்பி எடுக்கணும்?” என்று யாரோ ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

‘இதெல்லாம் நெசமில்லடா’ என்று சொல்ல இன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும், பாவி.