கப்பல் கிளம்பும் நாளில் துவைப்பதில்லை

ரெய்க்யவிக், ஐஸ்லாந்து, 1976

ஜனவரி 12
ஸ்வெயின் காலையில் ரோந்துக் கப்பலில் கிளம்பிப் போனார். கூடை நிறைய அழுக்குத் துணி. தொடவில்லை. வீட்டு ஆள் கடலுக்குப் போகிற நாளில் துவைத்தால் அவனையே கடலோடு அலசி விட்ட மாதிரி. இங்கிலாந்தில், எங்கள் ஹல் துறைமுகத்தில் பிறந்த எவளும் துவைக்க மாட்டாள். மாமியாருக்கு வழக்கம்போல் கேலி. "உங்க ஊர்க் கடல் சோப்புக்குப் பயப்படுமோ?"

ஜனவரி 20
மீன்கடைக்காரி முகத்துக்கு நேரே கேட்கிறாள், "உங்க ஆளுங்க மறுபடி நம்ம கடல்ல திருட வந்துட்டாங்களாமே?" உங்க ஆளுங்க! இந்த நாட்டில் வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷம். இங்கே மீன்பிடிக்க வந்திருக்கும் ஆங்கிலேயப் படகுகளில் ஒன்றில் என் தம்பி ரெஜி இருக்கிறான். அவர்கள் வலையை அறுப்பது ஸ்வெயினின் வேலை. நான் யாருக்காக வேண்டிக்கொள்வது?

பிப்ரவரி 6
ரேடியோவை அணைக்கவும் பயம், கேட்கவும் பயம்.

பிப்ரவரி 13
பயந்தது நடந்துவிட்டது. ஸ்வெயினின் கப்பல் அறுத்த வலைக்கம்பி சுண்டி அடித்து ரெஜிக்குக் கை முறிந்திருக்கிறது. இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறார்கள். கரை திரும்பிய ஸ்வெயின் வீட்டு வாசலிலேயே நின்றார். "அவன் படகுன்னு தெரியாது, வெரா."

தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களான்னு கத்தினேன்.

"அறுத்திருப்பேன்" என்றார். பொய்யாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!

பிப்ரவரி 17
ரெஜியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். "மீன் திருடனுக்கு என் வீட்ல விருந்தா?" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிப்ரவரி 19
ஐஸ்லாந்தும் பிரிட்டனும் உறவையே முறித்துக்கொண்டனவாம். செய்தி வாசிக்கும்போது எல்லோரும் ஆட்டுக்கறி சூப் குடித்துக்கொண்டிருந்தோம். ரெஜிதான் வாயைத் திறந்தான். "அத்தான், அந்த உப்பைத் தள்ளுங்க. அதையும் அறுத்துடாதீங்க."

ஸ்வெயின் சிரித்துவிட்டார். ரெஜியும். எனக்கு மட்டும் அழுகை வந்தது, எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 2
ரெஜி சரக்குக் கப்பலில் ஊருக்குக் கிளம்பினான். கையசைத்து வழியனுப்புவதும் எங்கள் ஊரில் ஆகாது, வீட்டிலேயே இருந்தேன். மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. கை அதுபாட்டுக்குத் துணிகளை அள்ளி இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டிருக்கிறது. எப்படி மறந்தேன்?

அத்தை ஓடி வந்து வயரைப் பிடுங்கினார்.

"புத்தி எங்கடி போச்சு? ரெஜிப் பையன் கடல்ல இருக்கான்ல!"

துணி பாதி நனைந்தபடி கிடக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.