அப்பா இறுக்கிக் கொடுத்த செயின்

அன்புத் தங்கச்சிக்கு,

போன வாரம் நம் வீட்டுக்கு வந்திருந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய்.

ஏழு வருடத்துக்கு முன் உன் அண்ணனாகக் கிளம்பிப் போனவள், மூன்று நாள் தனியாக வண்டி ஓட்டி வந்தது "நான்தான்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்வதற்குத்தான். வீட்டை ஒட்டிய அப்பாவின் ஒர்க்‌ஷாப் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றி, முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்னம்மா, செயின் இப்படித் தொங்குது? இதோடயா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். ஸ்பேனர் பிடித்த கை நடுங்குகிறது. இதை நீ எழுதவே இல்லையே.

"என் பையனுக்கும் வண்டின்னா உயிர். எங்க இருக்கானோ" என்றார், நிமிராமல்.

வாயைத் திறந்தேன். "ரொம்ப நன்றி சார்" என்றுதான் வந்தது. பெற்ற அப்பாவை, சார்.

"தனியா போறீங்க. போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுடும்மா. பாவம், பயந்துக்கிட்டு இருப்பாங்க."

ஊர் திரும்பி என் அறைக்கு வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னால் முடியவில்லை. நீயே அவரிடம் சொல்லிவிடு: அந்தப் பொண்ணு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

நீ மட்டும் கூப்பிடும்,
அக்கா