பாதியில் நின்ற கியூஷு பயணம்

மிர்யாங்,
2 மே 2024

அன்புள்ள மல்சூனுக்கு,

அன்று வண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்டியரிங்கில் நீ. உன் பக்கத்தில் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு ஜேசோக் அம்மா சம்னே. பின்னால் இன்யோங் அம்மா கும்ஜா, அவளை ஒட்டி நான். வேறு யாரும் இல்லை. ஆகவே நடந்ததற்குப் பழி போட வெளியாள் கிடையாது.

நீ போனை எடுப்பதில்லை. போனில் இருக்கும் நம் நால்வர் குழுவிலிருந்தும் விலகிவிட்டாய். காங்னுங்கில் தங்கை வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு இந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். நான் எழுத்துப் படித்தது கோயிலில் புத்த சூத்திரங்களைப் பார்த்து எழுதிப் பார்த்துத்தான் என்பது உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

மூன்று நாள் எவ்வளவு நன்றாகப் போனது! கடல் தாண்டி கியூஷுவில் இறங்கி, ஹகாதா துறைமுகத்தில் வாடகை வண்டியை எடுத்ததும் நீ சொன்ன முதல் சொல், "எல்லாரும் வாயை மூடுங்க." நம் நாட்டில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவள் நீ என்பதால் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் நாங்கள் மூவரும் "இடது, இடது" என்று பாராயணம் செய்தோம். அறுபது வயதில் போக வேண்டிய பயணம். முதலில் உன் வீட்டுத் துக்கம், அப்புறம் உலகமே முடங்கிய நோய்க்காலம் என்று நான்கு வருஷம் தள்ளிப்போனது. மியாசாகி கடற்கரைச் சாலையில் நால்வரும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதானே நம் ஆசை.

மூன்றாம் நாள் மதியம், ஆசோ மலையடியில் அந்த ஓய்விடத்தில் சோள ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜேசோக் அம்மா எல்லோருக்கும் குடிக்க வாங்கப் போனாள். "தஹே அம்மாவுக்கு டீ, இன்யோங் அம்மாவுக்குப் பால், மல்சூனுக்குக் காப்பி, சரியா?" என்று கேட்டாள். நீ சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாய். "அம்மாமாரெல்லாம் வண்டியில போங்க. நான் பஸ்ல போறேன்" என்றாய். விளையாட்டு என்று நினைத்துக் கும்ஜா சிரித்தாள். நீ பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏற்பாடு என்னுடையது. நம் சந்தில் குடிவந்த நாளிலிருந்து யாரும் யாரையும் முகத்துக்கு நேரே சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. மூத்த பிள்ளையின் பெயரோடு அம்மாவைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம், என்னைத் தஹே அம்மா என்பதுபோல. உல்சான் தொழிற்சாலையில் உன் மகனின் மாரடைப்புக்குப் பிறகு, அந்தப் பெயர் ஒவ்வொரு முறையும் உன்னைக் குத்துமே என்று நினைத்தேன். நீ கப்பலில் தூங்கும்போது மற்ற இருவரிடமும், "இந்தப் பயணத்தில் அவளை மல்சூன் என்றே கூப்பிடுங்கள், பிள்ளைகள் பேச்சை எடுக்காதீர்கள்" என்று சொன்னேன். உன் நன்மைக்குத்தான் சொன்னேன்.

நீ போனபிறகு வண்டியை யார் ஓட்டுவது? எனக்கு உரிமம் உண்டு. இருபத்தாறு வருஷமாக அலமாரியில் தூங்கிய உரிமம். எதற்கும் இருக்கட்டும் என்று வாடகை வண்டிக் கடையில் இரண்டாவது ஓட்டுநராக என் பெயரைக் கொடுத்திருந்தேன். அது கைகொடுத்தது. அங்கே எல்லாம் வலம் இடமாக இருக்கிறது. திரும்புவதற்கு விளக்குப் போட்டால் கண்ணாடித் துடைப்பான் ஓடுகிறது. "வெயில் இப்படிக் காயுது, எதுக்குடி தொடைக்கிற?" என்று சம்னே வழியெல்லாம் திட்டினாள். ஹகாதாவுக்குத் திரும்ப, மூன்று மணி நேரப் பாதைக்கு எட்டு மணி நேரம். நூற்று இருபத்தேழு கிலோமீட்டர், ஒரு கீறல் இல்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

கோபத்தை விடு. உடம்பைப் பார்த்துக்கொள். எள்ளிலை ஊறுகாய் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

கைகூப்பி,
ஓக்பூன்


காங்னுங்,
19 மே 2024

தஹே அம்மாவுக்கு,

ஊறுகாய் வந்தது. உப்பு அதிகம். தங்கை நன்றாக இருக்கிறது என்கிறாள். அவளுக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

சம்னேமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு யோசனையை மூன்று நாள் விடாமல் பிடித்துக்கொள்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. பின்னால் நீ இருக்கிறாய் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாள் பொறுத்தேன்.

என்னை மல்சூன் என்று கூப்பிடுவது யார் யார் தெரியுமா? ஆஸ்பத்திரி, வங்கி, வரி அலுவலகம். என் புருஷன்கூடக் கூப்பிட்டதில்லை. சந்தையில் மீன் கேக் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் "யுங்கி அம்மா வந்தாச்சு" என்பார்கள். அவன் போனபிறகும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு நாசூக்குத் தெரியாது. அதனால்தான் நான் சந்தைக்குப் போகிறேன்.

குத்தும், உண்மைதான். குத்தட்டுமே. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அது குத்தாமல் வேறு என்ன குத்தும்? அவன் பெயர் என் காதில் விழுகிற இடங்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் மூவர் வாயும் அதில் இருந்தது. நீ அதையும் அடைத்தாய்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் மகன், உன் வீட்டுத் துக்கம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அவன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. என் நன்மைக்கு என்று சொல்லாதே, தஹே அம்மா. கூப்பிடப் பயந்தது நீதான். ஏன் என்று எழுது. எழுத முடியாவிட்டால் ஊறுகாயும் அனுப்பாதே.

மல்சூன் என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

யுங்கி அம்மா


மிர்யாங்,
27 மே 2024

யுங்கி அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. தினமும் விடிகாலைப் பூசை முடிந்து வந்து பேனாவை எடுப்பேன், வைப்பேன். இன்று எழுதாமல் எழுந்திருப்பதில்லை என்று புத்தர் முன்னால் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

யுங்கிக்கு நான் ஆறு வருஷம் மதியச் சாப்பாடு கட்டியிருக்கிறேன். நீ விடியுமுன் வண்டி எடுத்துக்கொண்டு போய்விடுவாய். அவன் தஹேயோடு என் அடுக்களையில் நின்று, "எனக்கு நெத்திலி வறுவல் கொஞ்சம் ஜாஸ்தி" என்பான். அந்தப் பிள்ளையின் சாவுக்கு நான் வரவில்லை.

தஹே கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. சுப காரியம் வைத்திருக்கும் வீட்டார் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்பது வழக்கம். எல்லோரும் அதையே சொன்னார்கள். நீயே, "அவ வரமாட்டா, வரவும் கூடாது" என்று சம்னேயிடம் சொன்னாயாம். நான் கறுப்புடை உடுத்திப் பேருந்து நிறுத்தம் வரை வந்தேன். மூன்று பேருந்துகளை விட்டேன். பிறகு துக்கப் பணம் வைத்த வெள்ளை உறையைச் சம்னேயிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வழக்கத்துக்காகத் திரும்பினேன் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டேன். அது இல்லை. உன் வீட்டில் நடந்தது என் பெண்ணைத் தொட்டுவிடுமோ என்று பயந்தேன். உன் பிள்ளையை எனக்கு ஆகாத ஒன்றாக ஒரு நாள் நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை.

கோயிலில் புத்தர் பிறந்த நாளுக்கு, இறந்தவர்களுக்குக் கட்டும் வெள்ளைக் காகித விளக்கை இந்த வருஷத்தோடு ஐந்து முறை அவன் பெயரில் கட்டிவிட்டேன். அங்கே பெயரை எழுதிக் கொடுக்க முடிகிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நான்கு வருஷம் உன்னை "இங்க பாரு", "ஏய்" என்றே கூப்பிட்டிருக்கிறேன், நீ கவனித்திருப்பாய். மூன்று நாள் ஒரே வண்டியில் அப்படிச் சமாளிக்க முடியாது என்றுதான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். மற்ற இருவரையும் சேர்த்து இழுத்துவிட்டேன். இதுதான் நீ கேட்டது.

நேற்று இருவரையும் வரச்சொல்லி இதைச் சொன்னேன். கும்ஜா அழுதாள். சம்னேதான், "வழக்கத்தை யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் அவ வாசல்ல போய் நின்னிருக்கணும்டி நீ" என்றாள். அவள் சொன்னது சரி. நான் போகவில்லை. இப்போது உன் தங்கை வாசலுக்கு வருவதாக இருந்தேன். நீ கேட்டது கடிதம் என்பதால் முதலில் இதை அனுப்புகிறேன்.

மன்னிப்பாய் என்று எண்ணி அடுத்ததை எழுதவில்லை. மன்னிக்காவிட்டாலும் இதைச் செய்யப்போகிறேன். ஜூன் இருபதாம் தேதி ஹகாதா கப்பலில் நால்வருக்கும் இடம் பதிந்துவிட்டேன். ஆசோவில் அந்த ஓய்விடத்துக்கே போய், அங்கிருந்து மியாசாகிக் கடல் வரை போக வேண்டும். நீ ஓட்டினால் நல்லது. நீ வராவிட்டால் நான் ஓட்டுவேன். தினமும் பூசை முடிந்ததும் மருமகன் வண்டியில் ஏரியைச் சுற்றிவருகிறேன். காலியாக இருக்கும் உன் இடத்தில் பைகளை வைக்க மாட்டோம்.

வழியெல்லாம் யுங்கியைப் பற்றிப் பேசுவோம். நீ இருந்தாலும் பேசுவோம், இல்லாவிட்டாலும் பேசுவோம். ஜன்னல் தாழ்ப்பாளை உடைத்துவிட்டு ஜேசோக்மேல் பழி போட்டானே, அதைச் சம்னே இன்னும் மறக்கவில்லை, அதிலிருந்து ஆரம்பிப்பாளாம்.

ஜூன் பத்துக்குள் கப்பல்காரர்களிடம் பெயர்களை உறுதிசெய்ய வேண்டும். வருகிறாயா, இல்லையா என்று ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது, யுங்கி அம்மா.

தஹே அம்மா